வாத்துத் தொட்டியை எங்கே வைப்பது? காய்கறித் தோட்டத்தில் ஆறு ஆண்டு அனுபவம்

வீட்டின் பின்புறத்தில் ஏறக்குறைய 60 சதுர மீட்டர் நிலத்தில் காய்கறித் தோட்டமும் அதனோடு ஒரு வாத்துக் கொட்டகையும் அமைத்து ஆறு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. தொடக்கத்தில் நான் வரைந்த திட்டத்தில் பாத்தி எங்கே, பந்தல் எங்கே, கொட்டகை எங்கே என்பதெல்லாம் தெளிவாக இருந்தன. வாத்துகள் குளித்த தண்ணீர் எங்கே போகும் என்பது மட்டும் அதில் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் நான் பட்ட சிரமங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு விடுபடலால் வந்தவை.

வாத்து வளர்க்கக் குளம் கட்டாயமில்லை. ஆனால் தலையை முழுதாக முக்கிக் கண்களையும் மூக்குத் துளைகளையும் கழுவிக்கொள்ளும் ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். அது கிடைக்காத வாத்துகளுக்குக் கண்நோய் எளிதில் வரும். நான் 100 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றை, ஈரமான இடத்தில் இருப்பதுதானே முறை என்று எண்ணி, நிலத்தின் தாழ்ந்த மூலையில் வைத்தேன். இரண்டு நாள் புழங்கினாலே அந்தத் தண்ணீர் எச்சமும் சேறுமாகக் கலங்கிவிடும். அது தழைச்சத்து நிறைந்த நல்ல திரவ எருதான். ஆயினும் பாத்திகள் யாவும் மேட்டில் இருந்ததால் அதை வாளியில் மொண்டு மேலே சுமக்க வேண்டியிருந்தது. முதல் மாதம் அது உடற்பயிற்சியாகத் தெரிந்தது. மூன்றாம் மாதம் தொட்டியைக் கழுவும் நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. மூலை நாறியது, சுற்றிலும் தேங்கிய குட்டைகளில் கொசு பெருகியது.

மூன்றாம் ஆண்டில் தொட்டியை மேட்டுப் பக்கத்துக்கு மாற்றி, அதன் அடியில் அகலமான குழாயும் அடைப்பானும் பொருத்தினேன். இப்போது அடைப்பானைத் திறந்தால் போதும், தண்ணீர் வாய்க்கால் வழியே பந்தலடிக்குத் தானாக இறங்குகிறது. கூரையிலிருந்து வழியும் மழைநீரே இந்தத் தொட்டிக்கு முதல் ஆதாரம். 50 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் கணக்குப்படி 500 லிட்டர் கிடைக்கும் என்பதால், சேதாரம் போக மீதியே தொட்டிக்கு ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். எப்படியும் செடிகளுக்குப் பாய்ச்ச வேண்டிய தண்ணீர், நடுவில் வாத்துகளுக்கும் ஒரு முறை பயன்படுகிறது, அவ்வளவுதான்.

பீர்க்கும் பூசணியும் இந்தத் தண்ணீரில் செழிக்கின்றன. அதே அளவில் தக்காளிக்கும் விட்ட ஆண்டில் செடிகள் இடுப்புயரம் தழைத்தன, காய் பிடிக்கவில்லை. தழைச்சத்து மிகுந்தால் இலை வளர்ந்து பூ பின்தங்கும் என்பதைப் படித்திருந்தும், கையிலிருக்கும் எருவை வீணாக்க மனமில்லாமல் செய்த பிழை அது. பச்சையாக உண்ணும் வெள்ளரி, முள்ளங்கி ஆகியவற்றுக்கும் கீரைகளுக்கும் இதை விடுவதே இல்லை. எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் அந்தப் பாத்திகளுக்கு நன்றாக மக்கிய எரு மட்டுமே போகிறது. கொட்டகையில் விரித்த வைக்கோலை உலர்ந்த இலைகளோடு கலந்து குவித்து அந்த எருவைத் தயாரிக்கிறேன். குவியலில் அமோனியா நெடி அடித்தால் உலர் இலை போதவில்லை என்று கொள்ளலாம்.

வாத்து பூச்சிகளை ஒழித்துவிடும் என்ற பேச்சைப் பாதியளவே நம்பலாம். நத்தைகளையும் ஓடில்லா நத்தைகளையும் அவை தேடித் தின்கின்றன என்பது உண்மை. கோழியைப் போல மண்ணைக் கிளறிச் செடியின் வேரை வெளியே இழுத்துப் போடுவதும் இல்லை. ஆனால் அசுவினிக்கும் காய்த்துளைப்பானுக்கும் அவற்றால் பெரிய பயன் எதையும் நான் காணவில்லை. அதோடு, இளங்கீரையையும் முட்டைக்கோஸையும் நத்தையைவிட விரும்பித் தின்னும். ஈர மண்ணை அலகால் துளைத்துச் சேறாக்கும். தட்டையான பாதத்தால் நாற்றை மிதித்துவிடும். ஆகவே அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு முன் இரண்டு மூன்று வாரம் பாத்திகளை அவற்றிடம் விட்டுவிடுகிறேன். பயிர் நிற்கும்போது, செடிகள் முழங்கால் உயரம் தாண்டிய பாத்திகளில் மட்டும், மாலையில் ஒரு மணி நேரம், நான் அருகில் இருக்கையில் உலவ விடுகிறேன். என்னிடம் இருப்பவை காக்கி கேம்பெல் இனம், 60 செ.மீ. உயர வலையே அவற்றுக்கு வேலியாகப் போதுமானதாக இருந்துவருகிறது.

தீவனத்தைப் பொறுத்தவரை தற்சார்பு என்ற சொல்லை நான் கைவிட்டுவிட்டேன். வாத்து ஒன்றுக்கு நாளுக்கு 150 கிராம் என்று வைத்தால் நான்கு வாத்துகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 220 கிலோ ஆகிறது. இந்த அளவு தானியம் ஒரு காய்கறித் தோட்டத்தில் விளையாது. நீரில் மிதந்து வளரும் சிறு பெரணியான அசோலாவை வளர்த்துப் பார்த்தேன்; புரதம் உண்டென்றாலும் அதன் எடையில் நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் அது துணைத் தீவனம் மட்டுமே. மூட்டையாக வாங்கி வைப்பதிலும் ஆபத்து உண்டு. ஆறு வாத்துகளோடு தொடங்கிய நான் நான்குக்கு வந்ததற்குக் காரணம் கீரிப்பிள்ளையோ நாயோ அல்ல. இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த மக்காச்சோளம். பூசணத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சு வாத்தின் கல்லீரலை மிக எளிதில் தாக்கும் என்பதை அதன் பிறகே அறிந்தேன். இப்போது இரண்டு வாரத் தேவைக்கு மேல் வாங்குவதில்லை.

முட்டைக்கு ஆண் வாத்து தேவையில்லை. விடியலை ஒட்டியே பெரும்பாலும் இட்டுவிடுவதால் ஒன்பது மணிக்குப் பிறகு கொட்டகையைத் திறந்தால் செடிகளுக்குள் முட்டை தேடும் வேலையும் மிச்சம். தொடக்க ஆண்டுகளில் நான்கும் சேர்ந்து பெரும்பாலான நாள்களில் மூன்று முட்டைகள் தந்தன. இப்போது வாரத்துக்கு ஐந்தாறு கிடைத்தாலே அதிகம். முட்டை குறைந்தாலும் எச்சம் குறையவில்லை என்பதால் தோட்டத்தின் கணக்கில் அவை இன்னும் நட்டமாகவில்லை. அடுத்த பருவத்தில் இரண்டு குஞ்சுகள் சேர்க்க எண்ணியிருக்கிறேன். கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு நியாசின் சத்து கூடுதலாகத் தேவை, குறைந்தால் கால் வளையும். அதற்கேற்ற தீவனத்தை முதலில் பார்க்க வேண்டும். தொட்டியிலிருந்து கத்தரிப் பாத்திப் பக்கம் இரண்டாவது வாய்க்கால் ஒன்றும் வெட்ட வேண்டியிருக்கிறது.