எவரெஸ்ட் அடிவார முகாம் போகிறவர்களுக்கு: தலைவலிக்கு ஹெலிகாப்டர் என்றால் உஷார்

நேபாளத்தில் நடக்கும் ஏமாற்று வேலைகளில் காத்மாண்டுவின் தமேல் கடைத்தெருவில் விற்கும் போலி ஜாக்கெட் எல்லாம் சில்லறை விஷயம். தையல் பிரிந்தால் ஊசி நூல் போதும். நான் சொல்ல வந்தது, சாதாரணத் தலைவலியைக் காட்டிப் பயமுறுத்தி லட்சக்கணக்கில் பிடுங்கும் ஹெலிகாப்டர் வியாபாரத்தை. என் சித்தி மகனுக்கு அது நடந்தது. பணம் இன்னும் முழுசாகத் திரும்பி வரவில்லை.

தமேலில் ஒரு ஏஜென்சியில் பதிந்தோம். புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் போடவில்லை. வழிகாட்டி, மூட்டை தூக்கும் போர்ட்டர், நடை தொடங்கும் லுக்லாவுக்கு விமானம், தங்கல், மூன்று வேளைச் சாப்பாடு, அனுமதிச் சீட்டுகள் எல்லாம் சேர்த்து மற்ற இடங்களில் கேட்டதைவிடக் கணிசமாகக் குறைந்த விலை. இதில் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டேன். "சீசன் முடியப் போகுது மேடம்" என்று சிரித்தார் முதலாளி.

காப்பீட்டுப் பத்திரத்தின் நகலை முதல் நாளே வாங்கிக்கொண்டார்கள். அதில் தப்பில்லை, ஒழுங்கான ஏஜென்சியும் கேட்கும். ஆனால் வழிகாட்டி நடைபாதை முழுக்கத் தம்பியிடம் அதையேதான் பேசிக்கொண்டு வந்தார். எத்தனை டாலருக்குக் கவர்? ஹெலி உண்டா? பணத்தை கம்பெனி நேராகக் கட்டுமா, பிறகு தருமா? உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதைவிட இதைக் கேட்டதுதான் அதிகம்.

கையில் கொடுத்த அட்டவணைப்படி வழியில் இருக்கும் ஊர்களில் நாம்சேயில் (3,440 மீட்டர்) இரண்டு இரவு, டிங்போச்சேயில் (4,410 மீட்டர்) இரண்டு இரவு. காரணம் இருக்கிறது, குறைந்த ஆக்ஸிஜனுக்கு உடம்பு பழக வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவில் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. டிங்போச்சேயில் அந்த ஓய்வு நாளை வழிகாட்டி ரத்து செய்தார். பனி வரப்போகிறது, இன்றே அடுத்த ஊரான லோபுச்சே போயாக வேண்டும் என்றார். முடியாது என்று நான் சொல்லும்போது எங்கள் மூட்டைகளோடு போர்ட்டர் கிளம்பிப் போயிருந்தார். தூக்கப் பையும் மருந்தும் அதில். பனி வரவே இல்லை.

லோபுச்சே 4,940 மீட்டர். அன்று ராத்திரி தம்பிக்குத் தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை, ஒரு முறை வாந்தி. நடக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒரு காலின் விரல் நுனியில் மறுகாலின் குதிகாலை ஒட்டி வைத்து நேர்கோட்டில் தள்ளாடாமல் நடந்தான். இருமல் இல்லை, உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்கவில்லை, பேச்சு தெளிவு. இது உயர நோயின் ஆரம்பக் கட்டம். மேலே ஏறாமல் கீழே இறங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். 4,370 மீட்டர் வாக்கில் இருக்கும் பெரிச்சே இறக்கத்தில் இரண்டு மூன்று மணி நேர நடை. அங்கே ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் 1973 முதல் கிளினிக் நடத்துகிறது, சீசனில் மருத்துவர்கள் இருப்பார்கள். விடிந்ததும் பெரிச்சே போவோம், நடக்க முடியாவிட்டால் குதிரை பிடிப்போம் என்றேன்.

வழிகாட்டி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை எடுத்துத் தம்பி விரலில் மாட்டினார். 78. "ஊர்ல 98 இருக்கும் சார். மூளைக்குக் காத்து போகல. காலையில முதல் ஹெலி வரலைன்னா என்ன ஆகும்னு சொல்ல முடியாது." அந்த உயரத்தில் நன்றாக இருக்கும் ஆட்களுக்கே 80-ஐ ஒட்டித்தான் காட்டும். என் விரலில் மாட்டச் சொன்னேன். 79. கருவி உடனே அவர் பைக்குள் போய்விட்டது.

அடுத்து ஒரு தாள் வந்தது. ஹெலிகாப்டரை நாங்களே மறுக்கிறோம், உயிருக்கு ஏஜென்சி பொறுப்பில்லை என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். ராத்திரி பத்து மணி, வெளியே உறைகுளிர், பக்கத்தில் பயந்துபோன பையன். அவனே வைஃபையில் சித்திக்குப் போன் போட்டுவிட்டான். "காசு போனாப் போகுது, முதல்ல என் புள்ளைய ஏத்தி விடு" என்று சித்தி அழுதார். இந்த வியாபாரம் ஓடுவதே இந்த ஒரு போன் காலில்தான்.

காலையில் தம்பி தானாக எழுந்து பல் துலக்கினான், தலைவலி பாதியாகியிருந்தது. ஆனாலும் ஹெலி வந்தது. எடை தாங்காது, ஒருவருக்குத்தான் இடம் என்று என்னை விட்டுவிட்டு, அதே ஹெலி பெரிச்சேயில் இறங்கி இன்னும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டது. காத்மாண்டு விமான நிலையத்தில் ஆம்புலன்ஸ் தயார், நேராக ஒரு தனியார் மருத்துவமனை. நான் லுக்லாவுக்கு இறங்கி வரும் வழியில் பேசினான்: "அக்கா, இங்க வந்ததும் தலைவலியே இல்ல. பசிதான் எடுக்குது. ஆனா விட மாட்டேங்கிறாங்க." குளுக்கோஸ் ட்ரிப்ஸ், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கூடுதல் நாள் தங்கல். கார்டைத் தேய்த்த பிறகுதான் வெளியே விட்டார்கள். ஹெலிக்கும் மருத்துவமனைக்கும் சேர்த்து மூன்றரை லட்சத்துக்கு மேல்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் மலேசியப் பெண், பெரிச்சேயில் ஏறியவர். அவருடைய பில்லும் தம்பியுடைய பில்லும் ஒரே தேதி, ஒரே ஹெலிகாப்டர் பதிவு எண். நேபாள விமானங்களில் 9என் என்று தொடங்குமே, அந்த எண். இரண்டிலும் முழு ஹெலிகாப்டரையும் தனியாக வாடகைக்கு எடுத்ததாகக் கணக்கு. மூன்றாவது ஆளின் பில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இது ஒரு ஏஜென்சியின் குறும்பு மட்டும் இல்லை. 2018-ல் நேபாள அரசே இந்தப் போலி மீட்புகளை விசாரித்தது. வழிகாட்டி, ஏஜென்சி, ஹெலி கம்பெனி, மருத்துவமனை என்று சங்கிலியாகக் கமிஷன் ஓடுவது செய்தியானது. வேண்டுமென்றே வேகமாக ஏற்றுகிறார்கள், வயிற்றைக் கலக்க உணவில் பேக்கிங் சோடா சேர்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுகூட எழுந்தது. நேபாளப் பயணிகளுக்கு இனி கவர் தரமாட்டோம் என்று வெளிநாட்டுக் காப்பீட்டுத் தரப்பு மிரட்டும் அளவுக்குப் போனது. விதிகளை மாற்றினார்கள். எங்கள் அனுபவத்தில் மாறியதாகத் தெரியவில்லை.

எங்கள் காப்பீட்டு கம்பெனி கையை விரித்துவிட்டது. பறப்பதற்கு முன் அவர்களுடைய உதவி எண்ணில் அனுமதி வாங்கவில்லை, பரிசோதனை முடிவுகளிலும் அவசர மீட்புக்கான காரணம் இல்லை என்றார்கள். "நாங்க பேசிட்டோம் சார்" என்று வழிகாட்டி சொன்னது பொய். ஆகவே அந்த எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். பாலிசியில் எத்தனை மீட்டர் வரை கவர் என்பதையும் இந்தியாவிலேயே படித்துவிடுங்கள், பல பயணக் காப்பீடுகள் மலையேற்றத்தையே விலக்கி வைத்திருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குடிகாரன் போலத் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், ஓய்வாக உட்கார்ந்தும் மூச்சுத்திணறல், இளஞ்சிவப்பு நுரையோடு இருமல், இதில் ஏதாவது இருந்தால் என் கதையை நினைத்துத் தயங்காதீர்கள். ராத்திரி என்றாலும் உடனே இறக்குங்கள், ஹெலி கிடைத்தால் ஏற்றுங்கள். அங்கே நிஜமாகவே உயிர் காப்பதும் அதே ஹெலிகாப்டர்கள்தான்.

ஏஜென்சியே வேண்டாம், தனியாகப் போகலாமா என்று கேட்பீர்கள். 2023 ஏப்ரலில் வெளிநாட்டு மலையேறிகளுக்கு வழிகாட்டி கட்டாயம் என்று அறிவித்தார்கள், எவரெஸ்ட் பகுதியின் உள்ளாட்சி அதைப் பின்பற்றவில்லை. நடைபாதை போகும் சாகர்மாதா தேசியப் பூங்காவில், இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டினருக்குக் கட்டணமும் மற்ற வெளிநாட்டினரைவிடக் குறைவு. புதியவர்களுக்கு நான் வழிகாட்டி வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பி வந்த பிறகு தருவதாக எழுதி வாங்குங்கள். ஓய்வு நாட்களை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மருந்துப் பையைப் போர்ட்டரிடம் கொடுக்காதீர்கள்.

காத்மாண்டுவின் பிருகுடிமண்டபத்தில் சுற்றுலாக் காவல் பிரிவு இருக்கிறது. இரண்டு பில்களையும் அங்கே வைத்த பிறகுதான் ஏஜென்சி 'நல்லெண்ணத்துக்காக' ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. மருத்துவமனைப் பணம் இன்னும் நிற்கிறது. அந்தப் பதிவு எண் மட்டும் இல்லாவிட்டால் இதுவும் வந்திருக்காது. அதனால் ஏறும் முன் ஹெலியின் வாலில் இருக்கும் எண்ணையும், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.