வெளிநாட்டிலிருந்து வன்னிக்குப் போகிறவர்களுக்கு: பார், தவறணை, போயா

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஆள் ஒருவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது 2.5 லீற்றர் மதுபானமும் 2 லீற்றர் வைனும். சிகரெட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. சித்தப்பாவுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று என்று போத்தல் அடுக்குகிறவர்கள் பற்றுச்சீட்டை எறியாமல் வைத்திருக்கவேணும். இலங்கைக் கடைகளில் விற்கும் போத்தலில் மதுவரித் திணைக்களத்தின் ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் போத்தலில் அது இராது. வழியில் யாராவது மறித்துக் கேட்டால் காட்ட அந்தத் துண்டுதான் உண்டு. மிச்சமானதை ஊரில் ஒருவருக்கு விற்றால் அது குற்றம், சொந்தக்காரருக்கு விற்றாலும்தான்.

மது வாங்க வயதெல்லை 21. இது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம். லண்டனில் 18 வயதில் பியர் வாங்கிய பிள்ளை கிளிநொச்சியில் வாங்கமுடியாது. கடவுச்சீட்டைக் காட்டினால் வயது இன்னும் தெளிவாகத் தெரிந்து மாட்டுப்படும். பெண்களுக்கு விற்பதைத் தடுக்கும் 1979ஆம் ஆண்டு அறிவித்தலை 2018 சனவரியில் நிதியமைச்சர் நீக்கினார். சில நாட்களிலேயே சனாதிபதி அந்தத் தடையைத் திரும்பக் கொண்டுவந்தார். அதனால் காசுமேசையில் நிற்பவர் ஒரு பெண்ணுக்குத் தரமாட்டேன் என்றால் அங்கே நின்று வாதாடிப் பிரயோசனமில்லை.

போயா, அதாவது பூரணை நாள், மாதத்துக்கு ஒன்று, சில வருடம் 13. அன்று பார், தவறணை (கள்ளுக்கடை) எல்லாம் பூட்டு. சித்திரை வருடப்பிறப்பு, ஒக்டோபர் 3 மதுவிலக்கு நாள் போன்ற நாட்களிலும் அப்படித்தான். போயாவுக்கு முதல்நாள் பின்னேரம் ஏ-9 ஓரத்து பார்களில் வரிசை நீளும். அன்று வாங்கி அடுக்கி வைத்தவர்தான் மறுநாள் ஒழுங்கைக்குள் கூடின விலைக்கு விற்பார். அந்தப் போத்தலை வாங்காதீர்கள். எந்தப் போத்தல் என்றாலும், மூடியையும் கழுத்தையும் சேர்த்து ஒட்டிய ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறதா, மூடியின் வளையம் முதல்முறை திறக்கும்போது முறிகிறதா என்று பார்க்கவேணும். வளையம் ஏற்கெனவே தளர்ந்து சுற்றினால் உள்ளே இருப்பது வேறு. சந்தேகம் இருந்தால் மதுவரித் திணைக்களத்தின் 1913க்கு அடிக்கலாம்.

2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த புதிய அனுமதிப்பத்திரப் பட்டியலில் வடக்கில் கூடுதலாக இருந்தது கிளிநொச்சி மாவட்டம்: 16. யாழ்ப்பாணத்தைவிடக் கூட. இன்னொரு பக்கம், மதுவரியை 2023 சனவரியில் 20 வீதமும் 2024 சனவரியில் 14 வீதமும் கூட்டினார்கள். கடை கூடியது, போத்தல் கூலிக்காரனின் கைக்கு எட்டாமல் போனது. இடையில் புகுந்தது கசிப்பு, களவாகக் காய்ச்சும் சாராயம். குளத்தங்கரைப் பற்றைக்குள் பரலில் கோடா (கசிப்புக்குப் புளிக்க வைக்கும் சீனிக் கரைசல்) ஊறுவது முல்லைத்தீவுப் பக்கம் புதுச் செய்தி இல்லை.

கசிப்பில் அளவே கிடையாது; இன்றைய கிளாசும் நாளைய கிளாசும் ஒன்றல்ல. பார்வை போவது பெரும்பாலும் சீனிக் கோடாவால் அல்ல, யாரோ கைத்தொழில் மெதனோலைக் கலப்பதால். அதை மணத்தாலோ நிறத்தாலோ பிடிக்கமுடியாது. குடித்து 12 முதல் 24 மணித்தியாலம் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். பிறகு வயிற்றுவலி, வாந்தி, கண்ணில் வெள்ளையாக மூடின மாதிரி. வெறி முறியட்டும் என்று படுக்கவிடக்கூடாது. 1990 அம்புலன்சைக் கூப்பிட்டு, குடித்தது கசிப்பு என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லவேணும். பொலிசுக்குப் பயந்து இதை மறைக்கிற வீடுகள்தான் கூட.

கள்ளு வேறு கதை. முட்டியில் விழும்போதே புளிக்கத் தொடங்கும். காலையில் இறக்கியது மத்தியானம் 4, 5 வீதத்துக்கு வந்துவிடும், அடுத்த நாள் வினாகிரிப் பக்கம் சாயும். சுண்ணாம்பு தடவிய முட்டியில் எடுத்தால் அது கருப்பநீர், வெறி இல்லை. தவறணையில் பிளா (ஓலைக் கோப்பை) இப்போது அருமை, பிளாஸ்ரிக் கோப்பைதான். 750 மில்லி போத்தல் ஒன்றில் ஏறக்குறைய 30 கிராம் மதுசாரம்: "கள்ளுத்தானே" என்று மூன்று போத்தல் குடித்தால் அரைப்போத்தல் சாராயத்துக்குக் கிட்ட.

அரைப்போத்தல் என்றதும் வான் சாரதி ஞாபகம் வரவேணும். 33.5 வீதச் சாராயத்தில் 375 மில்லி, 99 கிராம். 70 கிலோ ஆளின் இரத்தத்தில் அது 100 மில்லிக்கு 200 மில்லிகிராமைத் தொடும். வாகனம் ஓட்டச் சட்ட எல்லை 80. ஈரல் மணித்தியாலத்துக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் குறைக்கும். கலியாண வீட்டில் இரவு 11 மணிக்கு முடித்தவர், விடிய 4 மணிக்கு உங்களை விமான நிலையத்துக்கு ஏற்றும்போது இன்னும் எல்லைக்கு மேல்தான். தேத்தண்ணி, தேசிக்காய், குளிப்பு எதுவும் அந்தக் கணக்கை மாற்றாது. பரந்தன்–முல்லைத்தீவு ரோட்டில் மாடு படுத்திருக்கும் நேரமும் அதுதான். சாரதிக்குச் சாப்பாடும் பாயும் கொடுங்கள், போத்தலைப் பயணம் முடிந்தபின் கொடுக்கலாம்.

கடைசியாக, வெளிநாட்டுக்காரர் அடிக்கடி விடும் ஒரு பிழை. நாள்தோறும் குடிக்கும் அண்ணரை வற்றாப்பளை அம்மன் முன்னால் நிறுத்திக் கற்பூரத்தில் சத்தியம் வாங்கி, அன்றே குடியை முற்றாக நிறுத்தவைப்பது. நெடுநாள் கடுங்குடியில் இருந்தவருக்குச் சில மணித்தியாலத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் இல்லாத ஆளோடு கதைப்பார். பேய் என்று மந்திரித்துப் பார்வை பார்க்கக் கொண்டுபோகிறார்கள், உயிரும் போகலாம். சத்தியத்துக்கு முதல் மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். நடுக்கத்துக்கு மருந்தும் தயமின் விற்றமினும் அங்கே காசில்லாமல் கிடைக்கும். போகுமுன் கேட்க 1926, அது தேசிய மனநல இலக்கம். நீங்கள் நிற்கும் மூன்று கிழமையில் முதல் கிழமையிலேயே தொடங்கினால், அடுத்த கிளினிக்குக்கும் கூடப்போக ஆள் இருக்கும்.