பெருநாளுக்கு ஃபிராக்கா, ஸ்வெட்டரா?

எங்கள் வீட்டுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் லைன் வீடு, இரண்டு பிள்ளைகள்: மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. நோன்புப் பெருநாளுக்கு ஒதுக்க முடிவது 5,000 ரூபாய். அதில் ஃபித்ரா, அதாவது பெருநாளையொட்டி ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய தர்மம், முதலில் கழிந்துவிடும். தலைக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ அரிசி. பிள்ளைகளுக்கும் உண்டு என்பதால் நான்கு பேருக்குப் பத்து கிலோ. தொழுகைக்கு முன்பே உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இதில் பேரம் கிடையாது. மிச்சத்தில்தான் இதுவா அதுவா என்ற சண்டையெல்லாம்.

துணியில் ஆரம்பிக்கலாம். மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ இறங்கினால் விலை மலிவு, ரகமும் அதிகம் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள், வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கும் ஆறு வயதுப் பையனை நோன்போடு ஒருமுறை கூட்டிப்போய்ப் பார்க்கட்டும். மிச்சமாகும் இருநூறு ரூபாய் பஸ்ஸுக்கும், போன இடத்தில் பிள்ளைகள் கேட்கும் ஜூஸுக்கும் சரியாகப் போய்விடும். நான்கைந்து பிள்ளைகளுக்குச் சேர்த்து எடுப்பதானால் இறங்கலாம். இரண்டு பேருக்கு இங்கேயே எடுப்பதுதான் லாபம்.

அதைவிடப் பெரிய கேள்வி, என்ன எடுப்பது என்பது. ஒரு வருஷம் மகளுக்கு ஜரிகை வைத்த ஃபிராக் எடுத்தோம். பெருநாள் காலையில் தெருவில் இறங்கியதும் குளிர் காதைக் கடித்தது. பழைய ஸ்வெட்டரை மேலே மாட்டிவிட்டேன். முழங்கைப் பக்கம் நூல் பிரிந்த ஸ்வெட்டர். அதன் கீழே நாலு விரல் அகலத்துக்கு ஜரிகை எட்டிப் பார்த்தது. பள்ளிவாசல் போய்ச் சேரும்வரை அழுகை. அந்த ஃபிராக்கை அதற்கப்புறம் இரண்டு கல்யாணத்துக்குப் போட்டாள், மூன்றாவதற்குள் சிறுத்துவிட்டது.

அதனால் இப்போது என் ஓட்டு ஸ்வெட்டருக்கு. ஊட்டியில் தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்தியர்கள் கடை போட்டிருக்கிறார்களே, அங்கே பேரம் பேசி ஒரு அளவு பெரிதாக எடுத்தால் இரண்டு குளிர்காலம் ஓடும். உள்ளே போன வருஷச் சட்டை இருந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது? பள்ளி யூனிஃபார்ம் நிறத்தில் மட்டும் எடுத்துவிடாதீர்கள். நான் எடுத்தேன். “இது ஸ்கூல் ஸ்வெட்டர்” என்று மகன் தொடக்கூட மறுத்துவிட்டான். இன்னொரு விஷயம்: பிறைக் கணக்கில் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்கிறது. 2025ல் மார்ச் 31 அன்று வந்தது, 2030ல் பிப்ரவரி தொடக்கத்தில் வரும். நீலகிரியில் அது உறைபனிக் காலம். ஃபிராக் கட்சி இனி ஜெயிப்பது கஷ்டம்.

சாப்பாட்டில் மட்டனா கோழியா? ஒரு கிலோ மட்டன் காசில் மூன்று கிலோ கோழி வந்துவிடும். காசு மட்டுமில்லை, கேஸும் இருக்கிறது. குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் இங்கே 94 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் மட்டன் வேகவே வேகாது என்று ஒவ்வொரு வீட்டிலும் புலம்பல் உண்டு. குக்கரில் தனியாக வேகவைத்துத்தான் பிரியாணிக்குச் சேர்க்க வேண்டும். கோழிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மட்டன் வாசனை இல்லாமல் பெருநாளா என்று பிள்ளைகளின் அத்தா முகத்தைத் தூக்குவார். அதற்கு எங்கள் வழி, கோழி பிரியாணியும், அதற்குத் தொட்டுக்கொள்ள மட்டன் எலும்பு போட்ட தால்ச்சா என்ற பருப்புக் குழம்பும். கறிக்கடையில் எலும்பு குறைந்த காசுக்குக் கிடைக்கும், வாசனைக்குக் குறைவில்லை.

பக்கத்து மூன்று வீட்டோடு சேர்ந்து பண்டாரி (சமையல்காரர்) வைத்து ஒரே தேக்சாவில், பெரிய அண்டாவில், ஆக்கலாம் என்ற யோசனையும் ஒருமுறை வந்தது. செலவு குறையும்தான். ஆனால் வெங்காயம் உரிப்பதும் புதினா ஆய்வதும் சேமியா வறுப்பதுமாகப் பிள்ளைகள் காலைச் சுற்றி வரும் அந்த முந்தின ராத்திரி போய்விடுமே. வேண்டாம் என்றுவிட்டேன்.

வெளியே போவதில்தான் பணம் கரையும். பெருநாள் அன்றே ஊட்டி போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி வந்த பிறகும் லீவு நாளில் ரோடு நகர்வதில்லை. நடந்தே போகிற தூரம் என்றால் சிம்ஸ் பூங்கா இருக்கிறது. 1874ல் தொடங்கிய பூங்கா, மரங்களுக்கு அடியில் ஓடினாலே பிள்ளைகளுக்கு மதியம் கழிந்துவிடும். ரயில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மறுநாள் குன்னூரில் மலை ரயில் ஏறி, ஊட்டி போகும் வழியில் கேத்தியில் இறங்குங்கள். திரும்பி வர பஸ். 2024லிருந்து மலையிலும் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, எனக்கும் மகளுக்கும் செலவே கிடையாது. பிளாஸ்டிக் பாட்டில் இங்கே தடை என்பதால் தண்ணீரைச் சில்வர் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். பல்சக்கரப் பாதையும் நீராவி எஞ்சினும் கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும்தான், குன்னூருக்கு மேலே டீசல் எஞ்சின் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லாமல் போய், “புகை எங்கே?” என்ற கேள்விக்கு அறுவங்காடு வரை பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

பெருநாள் காசு, பொம்மை இரண்டில் எங்கள் வீட்டில் காசுதான். பேங்கில் மாற்றிய புதுப் பத்து ரூபாய் நோட்டு, ஆளுக்குப் பத்து. பொம்மை ராத்திரிக்குள் உடைந்துவிடும். நோட்டை எண்ணுவது ஒரு வாரம் நடக்கும். கேத்தியில் மகனுக்கு வர்க்கி, அந்த மொறுமொறு பிஸ்கட், வேண்டியிருந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்தான், முகர்ந்து பார்த்தான், திரும்ப உள்ளே வைத்தான்.

“அம்மா, உங்ககிட்ட பழைய நோட்டு இருக்கா?”