ஒரு வருஷ நெட் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள்: என் 14,160 ரூபாய் போச்சு

கொதிப்போடுதான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மதியம் அந்த இன்டர்நெட் கம்பெனியின் கஸ்டமர் கேரில் ஒரு பெண், "உங்க அக்கவுன்ட் எங்க சிஸ்டத்துல ஆக்டிவா இல்ல மேடம், வேற ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாள். 12,000 பிளான், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 14,160 ரூபாய். தீபாவளிக்குக் கட்டிய ஒரு வருஷப் பணம். பொங்கல்கூடத் தாண்டவில்லை, லைன் செத்துவிட்டது. இன்னொருத்தர் மாட்டக்கூடாது என்றுதான் இந்தப் பதிவு. என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது சென்னை ஓஎம்ஆரில், நாவலூர் தாண்டி ஒரு பெரிய அபார்ட்மென்ட். கம்பெனி பெயரையும் அபார்ட்மென்ட் பெயரையும் போடவில்லை, வக்கீல் நோட்டீஸைச் சமாளிக்க இப்போது தெம்பில்லை. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு டியூஷன் எடுக்கிறேன். நெட் போனால் அன்றைய வருமானம் போச்சு.

குடிவந்த புதிதில் கிளப் ஹவுஸ் வாசலில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். மேஜையில் இரண்டு கம்பெனி நோட்டீஸ், ஒன்று பச்சை, ஒன்று நீலம். நின்றிருந்த பையன் முதலில் மேடம் என்றான், ரெண்டாவது வாக்கியத்திலேயே அக்கா ஆகிவிட்டேன். நான் சும்மா தலையாட்டிவிட்டு வரவில்லை. சாயங்கால நேரத்தில் ஸ்பீடு விழுமா என்று கேட்டேன், தன் போனிலேயே டெஸ்ட் போட்டுக் காட்டினான். "இது சரியில்லைன்னா அந்தக் கம்பெனிக்கு மாறிக்கலாமா?" என்று நீல நோட்டீஸைக் காட்டிக் கேட்டேன். "தாராளமா மாறிக்கலாம் அக்கா, ரெண்டு கம்பெனி இருக்குறதே அதுக்குத்தானே!" அந்தப் பக்கமாக வந்த அசோசியேஷன் செகரட்டரி சார் வேறு நின்று, "நம்ம பையன்தாம்மா, ஒரு போன் போட்டா மேல வந்து நிப்பான்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் 14,160 ரூபாயை எடுத்து நீட்டினேன். ரசீதும் ஜிஎஸ்டி நம்பரோடு ஒழுங்காகவே கொடுத்தார்கள்.

கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் ரூட்டர் பக்கத்தில் இருக்கும் சின்ன வெள்ளைப் பெட்டியில் லாஸ் விளக்கு சிவப்பாக மின்ன ஆரம்பித்தது. ஃபைபரில் வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தமாம். பையன் போனை எடுத்தான், "நாளைக்கு வரேன்க்கா". அப்புறம் "கேபிள் கட் ஆயிடுச்சு, இபி-காரன் குழி தோண்டுறான்". அப்புறம் எடுப்பதையே நிறுத்திவிட்டான்.

சரி, பணம் போனால் போகிறது, பிழைப்பு ஓட வேண்டுமே என்று நீலக் கம்பெனிக்கு போன் செய்தேன். மறுநாள் கனெக்ஷன் கொடுக்க வந்து நிற்பது யார்? அதே பையன்! கழுத்தில் மட்டும் வேறு ஐடி கார்டு. லிஃப்ட் பக்கத்து ஷாஃப்டை, அதாவது வயரெல்லாம் மாடிக்கு ஏறும் அந்தச் சந்தை, அதே சாவியால் திறக்கிறான், அதே கறுப்புப் பெட்டி, அதே வயர். கேட்டால் கூச்சமே இல்லாமல், "லைன் எங்க ஓனரோடதுக்கா, பேருதான் ரெண்டு" என்கிறான். மாறியிருந்தாலும் அதே செத்த வயரில்தான் தொங்கியிருப்பேன். ஒரே சட்டி, ரெண்டு கரண்டி.

அதற்குப் பிறகுதான் அலைக்கழிப்பு. பச்சைக் கம்பெனிக்கும் அந்த ஓனருக்கும் பணத் தகராறாம், ஃபிரான்சைஸை, அதாவது கம்பெனி பெயரில் இங்கே லைன் நடத்தும் ஆளை, மாற்றிவிட்டார்களாம். புது ஃபிரான்சைஸ்காரர், "பழைய ஆளு வாங்கின காசுக்கு நான் எப்படிங்க பொறுப்பு?" என்கிறார். பழைய ஓனர், "பணம் கம்பெனிக்குப் போயிடுச்சு" என்கிறார். கம்பெனி, "லோக்கல் பார்ட்னரைக் கேளுங்க" என்கிறது. 14,160 ரூபாய் யார் பையில் இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் சொல்வதாக இல்லை.

பிஎஸ்என்எல்லுக்கு எழுதிக் கொடுத்தேன். தோளில் வயர்ச் சுருளோடு வந்தவரை செக்யூரிட்டி கேட்டிலேயே நிறுத்திவிட்டார். செகரட்டரியிடம் போனால், "ஷாஃப்ட்ல இடம் இல்லம்மா. மூணு வருஷ அக்ரிமென்ட் வேற இருக்கு" என்கிறார். நம்ம பையன் என்று சொன்ன அதே வாய்!

டெலிபோன்ஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியப்பாவிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். 2004-ல் பிராட்பேண்ட் கொள்கை வந்தபோதே, வீட்டுக்கு வரும் டெலிபோன் செம்புக் கம்பியை மற்ற கம்பெனிகளோடு பகிர்ந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல் விட்டுவிட்டார்கள், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதைச் சொல்லியும் எடுபடவில்லை என்றார். கட்டடத்துக்குள் ஒரே கம்பெனிக்கு மட்டும் அனுமதி என்று ஒப்பந்தம் போடுவதைத் தடுக்க வேண்டும் என்று 2017 ஜனவரியில் அதே டிராய் பரிந்துரைத்திருக்கிறது. பரிந்துரை பேப்பரில் இருக்கிறது, பூட்டு ஷாஃப்டில் தொங்குகிறது. சிங்கப்பூரில் என் தங்கை வீட்டுக்கு வரும் ஃபைபரைப் போட்டது ஒரு நிறுவனம், அதில் நெட் விற்பது பல கம்பெனிகள். போன வருஷம் அவள் கம்பெனி மாறினாள். வயர் அப்படியே இருந்தது, பில் மட்டும் மாறியது. இங்கே வயர் யாருடையதோ அவன் வைத்ததுதான் சட்டம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், ஆறு மணி கிளாசுக்கு நேரமாகிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். வருஷப் பணம் கட்டவே கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள், ரெண்டு மாசம் ஃப்ரீ என்றாலும் வேண்டாம். நோட்டீஸில் எத்தனை கம்பெனி என்று பார்க்காதீர்கள், ஷாஃப்டைத் திறக்கச் சொல்லி எத்தனை வயர் வருகிறது, சாவி யாரிடம் என்று பாருங்கள். வீடு வாடகைக்கு எடுக்கும் முன்பே பாருங்கள். புகார் சொன்னால் டாக்கெட் நம்பர் (புகாரைப் பதிந்த எண்) வாங்காமல் போனை வைக்காதீர்கள், அது இருந்தால்தான் கம்பெனியின் அப்பீல் அதிகாரியிடம் போக முடியும். தனிநபர் புகாரை டிராய் தீர்த்து வைக்காது, அங்கே எழுதி நாளைக் கடத்தாதீர்கள். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. கன்ஸ்யூமர் கோர்ட்டில் 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது.

அதே கிளப் ஹவுஸ் மேஜையில் பணம் கட்டியவர்கள் இதைப் படித்தால், ரசீதை போட்டோ எடுத்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். எங்கள் பிளாக்கிலேயே நிறைய பேர் இருக்கிறோம், சேர்ந்தே கேஸ் போடலாம். செகரட்டரி சார் இருக்கும் வாட்ஸாப் குரூப்பில் மட்டும் போடாதீர்கள்.