பூட்டிக் கிடந்த குளியலறை: வீடு வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீடு தேடிக்கொண்டிருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வாங்கி முடித்த வீட்டின் சுவரில் ஈரத்தைக் கண்டு பதறிப்போயிருக்கிறவர்கள், சுவரில் கை வைக்கும் முன்பே படியுங்கள். நாங்கள் எல்லாவற்றையும் இடித்து வாரிக் கொட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் வக்கீலிடம் போனோம்.

நாங்கள் வாங்கியது கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை உள்ள பழைய வீடு. விற்றவர்கள் வயதான தம்பதி. மூன்று முறை போய்ப் பார்த்தோம். முதல் முறை போனபோது மேல்மாடிக் குளியலறை பூட்டியிருந்தது. இரண்டாம் முறை திறந்து காட்டினார்கள், ஆனால் உள்ளே கூரைவரை அட்டைப்பெட்டிகள். "நாங்க ரெண்டு பேருதானே, மாடி ஏற முடியல, அதான் சாமான் போட்டு வச்சுட்டோம்" என்றார் அந்த அம்மா. மூட்டுவலி உள்ளவர்கள் சொன்னால் யாரும் நம்புவார்கள். நாங்களும் நம்பினோம். என் கணவர் மட்டும் அன்று மாலை தரகருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினார்: "மேல் பாத்ரூம் ஏன் பயன்பாட்டில் இல்லை? ஏதாவது பழுதா?" பதில் வந்தது: "ஓனரிடம் கேட்டேன். பழுது எதுவும் இல்லை, சாமான் வைக்கத்தான்." இந்த ஒரு செய்தியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அந்தக் குளியலறைக்கு நேர் கீழே ஒரு படுக்கையறை. வீடு முழுக்கச் சுவர் வெளுத்துக் கிடக்க, அந்த அறையில் மட்டும் புதுப் பெயிண்ட் வாசனை. ஒரு சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரைவரை புதிய ப்ளைவுட் அலமாரி. எனக்கு அந்த அலமாரி ரொம்பப் பிடித்துப்போனது. ஓதம், தண்ணீர்க் கசிவு ஏதாவது உண்டா என்று அந்தப் பெரியவரிடம் நேராகவே கேட்டேன். "ஒரு சொட்டு வராதும்மா. பதினோரு வருஷம் நாங்களே குடியிருந்த வீடு" என்றார். அதை எழுதி வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

குடிவந்ததும் பிள்ளைகள் இருவரும் மேலே இருந்தார்கள், தினமும் அந்தக் குளியலறையில்தான் குளித்தார்கள். பத்தாவது வாரம், கீழ் அறை அலமாரியிலிருந்து எடுத்த போர்வையில் மக்கிய வாசனை. அடித்தட்டுப் பலகை உப்பியிருந்தது. பின்பலகையை விரலால் அழுத்தினால் உள்ளே போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தச்சரைக் கூப்பிட்டு அலமாரியைக் கழற்றினோம். பின்னால் சுவர் தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை தடித்த பிளாஸ்டிக் தாள், மரச்சட்டத்தில் ஸ்டேப்ளர் ஊசி போட்டு இழுத்து அடித்திருந்தது. தாளின் உட்புறம் நீர்த்துளிகள். அதைக் கிழித்தால் கறுப்புப் பூசணம், பொலபொலவென்று உதிரும் பூச்சு, வெள்ளையாகப் பூத்த உப்பு. பெயிண்டைச் சுரண்டியபோது அடியில் பழுப்புக் கறைக் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று. மூன்று முறை நனைந்து மூன்று முறை வண்ணம் பூசி மறைத்த சுவர் அது. எனக்குக் கை கால் ஓடவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அறையில் படுத்திருந்தவர் என் மாமியார். இரண்டு மாதமாக அவருக்கு இருமல். பூசணத்தால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அன்றிரவே அவரை வேறு அறைக்கு மாற்றினோம்.

இப்போது நாங்கள் செய்த தவறு. அடுத்த நான்கு நாட்களில் பிளாஸ்டிக் தாள், பலகை, சுரண்டிய பூச்சு எல்லாவற்றையும் குப்பையில் போட்டோம். பிளம்பர் வந்து மேல் குளியலறைத் தரையை உடைத்தார். பழைய டைல்ஸை எடுக்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். அடியில் கழிவுநீர்க் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. குளிக்கும் தண்ணீரில் ஒரு பகுதி தளத்துக்குள் இறங்கி, சுவர் வழியாகக் கீழ் அறைக்குப் போயிருக்கிறது. குளியலறையைப் பல மாதம் பூட்டிப் போட்டால் சுவர் காய்ந்துவிடும். காய்ந்த சுவரில் பட்டி பார்த்து வண்ணம் அடித்தால் பார்க்க வருகிறவருக்கு எதுவும் தெரியாது. அட்டைப்பெட்டிகள் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

பழைய இணைப்பையும் வெட்டி எறிந்து புதிது போட்டு மூடிய பிறகு, விற்றவருக்குப் போன் செய்தோம். அவர் சொன்னது: "நாங்க இருந்தப்ப ஒண்ணும் இல்லையேம்மா. நீங்க வந்தப்புறம்தான் எதாவது உடைஞ்சிருக்கும்." அதை மறுத்துக் காட்ட எங்கள் கையில் எதுவும் இல்லை.

வக்கீல் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "கசிவு இருந்தது சரி. அவருக்குத் தெரியும் என்பதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?" இந்த விவகாரத்தில் பாதி வழக்கு இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிகிற குறை வேறு, மறைந்திருக்கும் குறை வேறு. தெரிகிற கறையைப் பார்த்தும் வாங்கினால் பொறுப்பு பெரும்பாலும் வாங்கியவருடையது. சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் தெரியாத குறை, விற்கும்போதே இருந்த குறை, விற்றவர் அறிந்தே மறைத்த குறை என்றால் கதை மாறுகிறது.

படிக்கிறவர்கள் பல நாடுகளில் இருப்பீர்கள், சட்டமும் இடத்துக்கு இடம் வேறு. இந்தியாவில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவு இருக்கிறது. தனக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்கவும் முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது அது. பிரான்சின் சிவில் சட்டத்தில், மறைந்திருக்கும் குறைக்கு விற்பவர் பொறுப்பு, அவருக்குத் தெரியாமல் இருந்தாலும்கூட. பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால்தான் விலக்கு. அறிந்தே மறைத்தவருக்கு அந்த விலக்கும் உதவாது. குறையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் விற்பவர் வெறுமனே வாய்மூடி இருந்தால் பெரும்பாலும் குற்றமில்லை. ஆனால் கேட்டதற்குப் பொய் சொன்னாலோ வேலை செய்து மூடி மறைத்தாலோ தப்ப முடியாது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்த்த ஒரு வழக்கு எங்கள் கதை மாதிரியே இருந்தது. கூரையில் கறை இருக்கிறதே என்று வாங்குகிறவர்கள் கேட்க, அது வால்பேப்பர் பசைக் கறை என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். சில நாளில் பெருமழை. ஜன்னலோரம், கூரை, விளக்கு மாட்டிய இடம் எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. வீட்டின் மதிப்பைப் பாதிக்கிற, எளிதில் கண்ணில் படாத குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அவர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படித்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"உள்ளது உள்ளபடி வாங்குகிறேன்" என்ற வரி எங்கள் ஒப்பந்தத்திலும் இருந்தது. அதைக் கண்டு பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். வேண்டுமென்றே செய்த ஏமாற்றுக்கு அந்த வரி பெரும்பாலான இடங்களில் கவசமாகாது. ஏமாற்று நடந்ததைக் காட்டும் வேலை மட்டும் உங்களுடையது.

எங்களைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, அந்த வாட்ஸ்அப் செய்தி. பெரியவர் என்னிடம் வாயால் சொன்னதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கேள்வியும் பதிலும் தேதியோடு போனில் இருந்தன. தரகர், தான் கேட்டதும் அவர் அப்படிச் சொன்னதும் உண்மை என்று எழுதிக் கொடுத்தார். இன்னொன்று, தச்சரின் போன். இப்படியும் அலமாரி அடிப்பார்களா என்று தன் தம்பிக்குக் காட்ட, பிளாஸ்டிக் தாளைக் கிழிப்பதற்கு முன் நான்கு படம் எடுத்து வைத்திருந்தார். எங்களுக்கே தெரியாது, கூலி வாங்க வந்த அன்று பேச்சுவாக்கில் சொன்னார். ஈரம் வருவது தெரியாத மனிதர் அலமாரிக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் அடிக்க மாட்டார்.

வக்கீல் நோட்டீஸ் போய் ஏழு மாதம் இழுத்தது. கடைசியில் சமரசமாகப் பேசி, செலவானதில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்தார்கள். குழாய் இணைப்பை எறியாமல் வைத்திருந்தால், இடிக்கும் முன் வெளியாள் ஒருவரிடம் அறிக்கை வாங்கியிருந்தால், முழுத் தொகையையும் அழுத்திக் கேட்டிருக்கலாம் என்றார் வக்கீல். காப்பீட்டு நிறுவனமும் கைவிரித்துவிட்டது. திடீரென்று வெடித்த குழாய்க்குத் தருவார்களாம், நாள்பட்ட கசிவுக்குக் கிடையாதாம். உங்கள் பாலிசியில் அந்த வரி எப்படி எழுதியிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

ஈரம் கண்டுவிட்டீர்கள் என்றால் முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். சும்மா விட்டுச் சேதம் பெருகினால், பெருகிய பங்கை உங்கள் தலையிலேயே கட்ட வாய்ப்பிருக்கிறது. நனைந்த இடத்தில் ஓரிரு நாளிலேயே பூசணம் பிடிக்கத் தொடங்கும், அதனால் அவசரம் உண்மைதான். ஆனால் அந்த அவசரத்திலும் ஒரு நாள் கிடைக்கும். அந்த ஒரு நாளில் ஒவ்வொரு அடுக்காகப் படமும் வீடியோவும் எடுங்கள். விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்து, வந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் உறவில்லாத ஒரு பொறியாளரைக் கூப்பிட்டு, எவ்வளவு நாள் பழைய கசிவு என்று அறிக்கை வாங்குங்கள். கழற்றிய குழாய், பலகை, ஒரு துண்டுப் பூச்சு, எல்லாவற்றையும் பையில் கட்டித் தேதி எழுதி வையுங்கள். முன்பு அந்த வீட்டில் வேலை செய்த பிளம்பர், பெயிண்டர், பக்கத்து வீட்டார், வாடகைக்கு இருந்தவர் என்று யாருக்காவது நிச்சயம் ஏதாவது தெரிந்திருக்கும், தயங்காமல் கேளுங்கள்.

இன்னும் வாங்கவில்லை என்றால் உங்கள் வேலை சுலபம். எல்லாக் குளியலறையையும் திறக்கச் சொல்லி, சாமானை வெளியே எடுக்கச் சொல்லி, அரை மணி நேரம் தண்ணீர் விடுங்கள். கீழே போய்ப் பாருங்கள். மறுநாளும் போய்ப் பாருங்கள், தண்ணீர் இறங்க நேரமாகும். ஒரே ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சுவரோடு பொருத்திய அலமாரியின் பின்பலகையைத் தட்டிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். ஈரம் அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். உப்புப் பூத்த சுவரில் அது ஈரத்தைக் கூட்டிக் காட்டும், அதனால் எண்ணை அப்படியே நம்பாமல் சந்தேகமில்லாத சுவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "கூரை, குளியலறை, குழாய், சுவர் எதிலாவது இதுவரை கசிவு வந்ததுண்டா, பழுது பார்த்ததுண்டா?" என்ற கேள்வியை எழுத்தில் அனுப்பிப் பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். பதில் எழுதித் தர மறுக்கிறவரிடம் நான் இனி வீடு வாங்க மாட்டேன்.

அந்தப் படுக்கையறை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. செங்கல் சுவர் ஓர் அங்குலம் காயச் சுமாராக ஒரு மாதம் பிடிக்கும் என்றார் பொறியாளர், எங்களுடையது ஒன்பது அங்குலச் சுவர். ஞாயிறுதோறும் என் கணவர் கருவியை அதே மூன்று இடங்களில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்கிறார். மேலே இரண்டு இடமும் இறங்கிவிட்டன. தரையோரம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. மாமியார் கூடத்தில்தான் படுக்கிறார்.