பர்கூர் மாட்டை எங்கே வைத்துக் காப்பாற்றுவது: பட்டியிலா, பண்ணையிலா, உறைவிந்திலா?

ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு மேலே இருக்கிற பர்கூர் மலையின் மாடு இது. செந்நிற உடம்பில் திட்டுத் திட்டாக வெள்ளை இருப்பதால் செம்மறை என்பார்கள். பால் கொஞ்சம்தான். ஆனால் மேட்டிலும் கல்லிலும் நாள் முழுக்க நடக்கும் கால் இதற்கு உண்டு. எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது, காப்பாற்ற மூன்று வழிகள் சொல்கிறார்கள்.

முதலில் உறைவிந்து, அதாவது காளையின் விந்தை உறையவைத்துச் சேமிப்பது. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்தால் பல பத்து ஆண்டுகள் கெடாது. தீவனம் வேண்டாம், கொள்ளைநோய் பயமும் இல்லை. சரி, ஆனால் அதில் இருப்பது காளையின் பங்கு மட்டும். பசுக்கள் அற்றுப்போனால் வேறு இனப் பசுவுக்குத்தான் ஊசி போடவேண்டும். முதல் கன்று பாதி பர்கூர், அதன் கன்று முக்கால். இப்படியே 32-இல் 31 பங்கு வர ஐந்து தலைமுறை ஆகும். தலைமுறைக்கு நான்கு ஆண்டு என்றாலும் 20 ஆண்டு. அதற்குள் காட்டுத் தடம் தெரிந்த மாடும் இருக்காது, மேய்ப்பவரும் இருக்கமாட்டார்.

பண்ணை இதைவிட மேல். பர்கூரிலேயே தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்தக் காளைக்கு எந்தக் கன்று என்ற பதிவு பண்ணையில்தான் ஒழுங்காக நடக்கும். சிக்கல், மந்தை சிறியது என்பதில். 50 பசுவுக்கு 2 காளை என்று ஓட்டினால், தலை எண்ணிக்கை 52. மரபுக் கணக்கிலோ அது ஏறக்குறைய 8 மாட்டுக்குத்தான் சமம், ஏனென்றால் எல்லாக் கன்றுக்கும் அப்பன் அந்த இரண்டில் ஒன்று. சில தலைமுறையில் ரத்த உறவுக்குள்ளேயே சேர்க்கை நடந்து இனம் நோஞ்சானாகும்.

மலைக்காரர்கள் மந்தையை அடைத்து வளர்க்கும் பட்டியில் அந்தக் கவலை குறைவு. ஒவ்வொரு பட்டிக்கும் தனிக் காளை, பல பட்டிகள் சேர்ந்துதான் ஓர் இனம். காலையில் கன்றுகளைப் பட்டியில் விட்டுவிட்டுத் தாய்மாடுகள் காட்டுக்குப் போகும். சாயங்காலம் மந்தைச் சத்தம் தூரத்தில் கேட்டதுமே கன்றுகள் வேலியோரம் வந்து கத்தத் தொடங்கும். ஏற முடியாத மாடு அங்கே நிலைக்காது. எந்தப் புல், எந்த ஓடை என்பதைக் கன்று தாயின் பின்னால் நடந்தே கற்கிறது. பண்ணைத் தொட்டியில் தின்று வளர்ந்த கன்றுக்கு இதை யார் சொல்லித் தருவது? எரு விற்றும் கொஞ்சம் காசு வரும். அதனால் என் ஓட்டு பட்டிக்குத்தான்.

ஆனால் பட்டி நிற்கக் காடு வேண்டும். 2022-இல் உயர்நீதிமன்றம் காட்டில் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்துக்கு மட்டும் என்று சுருக்கியது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டக் காடுகள் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் ஆகிவிட்டன. சிறுத்தை அடித்த மாட்டுக்காகக்கூட இவ்வளவு கலங்காத மலைக்காரர்கள் இதற்குக் கலங்கினார்கள். 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாகவே ஏற்கிறது. பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்டவேண்டும். பட்டிக்காரர்களில் பலர் லிங்காயத்துகள், அவர்களிடம் கேட்பதும் இந்தச் சான்றைத்தான்.

முதல் செலவும் முதல் அலைச்சலும் அந்த உரிமைப் பத்திரத்துக்கே போகட்டும். அப்புறம் பண்ணை தன் நல்ல காளைகளைப் பட்டிகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கட்டும், பட்டிக் கன்றுகளையும் பதிவேட்டில் ஏற்றட்டும். உறைவிந்துக்கும் காளைகளைப் பல பட்டிகளிலிருந்து எடுக்கட்டும்.