காஸ்ட் அக்ரிலிக் என்று வேறு ஷீட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள், 11,400 ரூபாய் போச்சு

மதுரையில் பிளாஸ்டிக் ஷீட் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். அந்தக் கடையிலிருந்து இப்போதுதான் திருமங்கலம் திரும்பினேன், சட்டையைக்கூட மாற்றவில்லை. 11,400 ரூபாய் போய்விட்டது. வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வீட்டிலேயே ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் ரம்ப மிஷின்) வைத்துப் பெயர்ப்பலகைக்கு அக்ரிலிக் எழுத்து வெட்டிக் கொடுப்பவன். லேசரில் கொடுக்கலாமே என்பார்கள். இருபது எழுத்து, முப்பது எழுத்து என்று வரும் சின்ன ஆர்டருக்கு லேசர் கூலி கொடுத்தால் என் கையில் ஒன்றும் நிற்காது. உசிலம்பட்டியில் ஒரு மளிகைக் கடை திறப்பு, கூடவே இன்னும் இரண்டு போர்டு. மூன்றுக்கும் அட்வான்ஸ் வாங்கியாச்சு. 3 எம்எம் சிவப்பில், எட்டுக்கு நாலு அடி ஷீட் மூன்று தேவைப்பட்டது.

டவுனுக்குள் இருக்கும் ஒரு மொத்த விற்பனைக் கடை. பெயர் எழுதவில்லை. காஸ்ட் ஷீட்தான் வேண்டும் என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். காஸ்ட் என்றால் அச்சில் ஊற்றி உறையவைத்த அக்ரிலிக், எக்ஸ்ட்ரூடட் என்றால் உருக்கிப் பிதுக்கி எடுத்தது. எக்ஸ்ட்ரூடட் ஷீட் ரம்பச் சூட்டில் சீக்கிரம் இளகிவிடும், காஸ்ட் கொஞ்சம் தாங்கும். கடைப் பையன் மேலே ஒட்டியிருந்த படலத்தை மூலையில் உரித்து, ஷீட்டை டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்து, "மொகம் தெரியுது பாருங்கண்ணே, அக்மார்க் காஸ்ட்டு" என்றான். தெரிந்ததுதான். சிவப்பில் என் முகம் பளிச்சென்று தெரிந்தது. கல்லாவில் இருந்த பெரியவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். "தொழில் பண்றவுக வயித்துல அடிக்க மாட்டோம் தம்பி" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். பில் கேட்டதற்கு, "போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி, 2,052 ரூபா கூட வரும், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" என்றார். சரி என்றேன். துண்டுச் சீட்டில் '3 ஷீட் 11,400' என்று பென்சிலில் எழுதிக் கொடுத்தார். ஜிபேயில் 11,400 அனுப்பினேன்.

மறுநாள் 'கை' எழுத்தில் ஆரம்பித்தேன். சுழிக்குள் துளை போட்டு, பிளேடை உள்ளே நுழைத்து மாட்டி வெட்ட வேண்டிய எழுத்து. ஒரு அங்குலம் போனதும் மிஷின் சத்தம் கம்மியது. பார்த்தால், பிளேடு முன்னால் வெட்டிக்கொண்டு போக, பின்னால் வெட்டுவாய் உருகி மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது! துண்டைப் பிடித்து இழுத்தால் வரவில்லை. பிளேடின் பல்லெல்லாம் சிவப்புப் பாகு. வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தேன். சூடு குறையும் என்று கோடு மேலே பேக்கிங் டேப் ஒட்டினேன். பல் இடைவெளி அதிகமுள்ள புது பிளேடு போட்டேன். எதற்கும் அடங்கவில்லை. அதே பிளேடில், அதே வேகத்தில், போன வருஷம் மிஞ்சிய பழைய காஸ்ட் துண்டை வெட்டினேன். பொடி பொடியாகக் கொட்டியது, வெட்டு கோடு போட்ட மாதிரி வந்தது.

அப்புறம் வாசலில் வைத்து இரண்டிலும் ஒரு சில்லைக் கொளுத்திப் பார்த்தேன். பழையது அதிகம் புகையாமல், பழ வாசனையோடு எரிந்தது. இவர்கள் கொடுத்தது கருகருவென்று புகைந்து, கரி இழை இழையாகப் பறந்து சட்டையில் ஒட்டியது. அது பாலிஸ்டைரீன், வேறு பிளாஸ்டிக். எக்ஸ்ட்ரூடட் அக்ரிலிக்கூட இல்லை. தடிமன் அளக்கும் வெர்னியர் வைத்து அளந்தால் 3 எம்எம்முக்குப் பதில் 2.6 தான் இருக்கிறது.

போன் செய்தேன். முதல் தடவை, "பிளேடை மாத்திப் பாருங்கண்ணே." இரண்டாவது தடவை, "ஓனர் சாப்பிடப் போயிருக்காரு." அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. வெட்டிய துண்டோடு இன்று பஸ் ஏறிப் போனேன். அதே பெரியவர், அதே கல்லா. துண்டைக் கையில்கூட வாங்கவில்லை. "மிஷின்ல கை வச்ச ஷீட்ட எவன் திருப்பி எடுப்பான்?" என்றார். மீதி இரண்டு ஷீட் உரிக்காமல் அப்படியே இருக்கிறதே என்றேன். "எங்க சரக்குங்கறதுக்கு பில் இருக்கா?" என்றார். 2,052 ரூபாயை மிச்சம் பிடித்துக் கொடுப்பதாகச் சொன்ன அதே வாய்! டீ வாங்கி வந்த பையன் தலையைக் குனிந்துகொண்டு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். எனக்கு 11,400 என்பது இரண்டு மாத வாடகை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். பில் இல்லாமல் ஒரு துண்டுகூட வாங்காதீர்கள், பில்லில் 'காஸ்ட் அக்ரிலிக்' என்று எழுதச் சொல்லுங்கள். வெர்னியரைக் கையோடு கொண்டு போங்கள். முதலில் ஒரு வெட்டுத் துண்டு வாங்கி வந்து உங்கள் மிஷினில் ஓட்டிப் பாருங்கள், ஒரு சில்லைத் திறந்த வெளியில் கொளுத்தியும் பாருங்கள். தர மறுத்தால் அந்தக் கடையே வேண்டாம்.

ஜிபே ரசீதையும் பென்சில் சீட்டையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசப் போகிறேன். உசிலம்பட்டிக்காரருக்கு இன்னும் போன் செய்யவில்லை.